குவார்ட்டர்பேக்குக்குப் பின்னாலா, பக்கத்திலா: ரன்னிங் பேக் நிற்கும் இடம் ஓட்டத்தை எவ்வளவு மாற்றும்?

கேள்வி கேட்டவர் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வரும்: "அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்க ஆரம்பித்து இரண்டு சீசன் ஆகிறது. ரன்னிங் பேக் (பந்தை வாங்கிக்கொண்டு ஓடுபவர்) சில நேரம் குவார்ட்டர்பேக்குக்கு (பந்தை எறிபவர், அல்லது ஓடுபவர் கையில் கொடுப்பவர்) நேர் பின்னால் நிற்கிறார், சில நேரம் பக்கத்தில் நிற்கிறார். பின்னால் நின்று ஓடினால்தான் நல்லது என்று டிவியில் பேசுகிறவர்கள் சொல்கிறார்கள். கணக்கை எடுத்துப் பார்த்தால் பக்கத்தில் நிற்கும்போதுதான் சராசரி யார்டு கூட வருகிறது. எதை நம்புவது? ஃபேன்டஸி அணிக்கு (நிஜ வீரர்களை நாமே தேர்ந்தெடுத்து, அவர்கள் ஆடுவதை வைத்துப் புள்ளி வாங்கும் விளையாட்டு) ஆள் எடுக்கும்போது இதைப் பார்க்க வேண்டுமா?" இதில் உண்மையில் கேட்கப்படுவது, நிற்கிற இடமே யார்டு சம்பாதித்துக் கொடுக்கிறதா, அல்லது அந்த இடத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் வேறு விஷயங்கள் சம்பாதித்ததை நாம் இடத்தின் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறோமா என்பதுதான். ஃபேன்டஸி விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், எந்த அளவுக்கு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். தொழில்முறைப் பயிற்சியாளன் இல்லை. பகலில் மென்பொருள் வேலை. பிலடெல்ஃபியா புறநகரில் ஒரு பள்ளி அணியில் மகன் சேர்ந்தபோது தண்ணீர் பாட்டில் தூக்கப் போனவன், மகன் படிப்பு முடிந்து போன பிறகும் அங்கேயே ஒட்டிக்கொண்டேன். ஒன்பது வருடமாக ரன்னிங் பேக் பையன்களுக்கு உதவிப் பயிற்சியாளன். வெள்ளிக்கிழமை இரவு மேட்ச் முடிந்தால், சனிக்கிழமை காலை வீடியோவைப் பிளே பிளேயாகப் (பந்து கிளம்பியதிலிருந்து ஆட்டம் நிற்கும் வரை ஒரு பிளே) பிரித்து, யார் எங்கே நின்றார், எத்தனை யார்டு கிடைத்தது என்று எழுதி வைப்பது என் பொறுப்பு. அதனால் பதினாறு வயதுப் பையன்கள் விஷயத்தில் எனக்குக் கண்ணால் பார்த்த அறிவு உண்டு. என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) பற்றிச் சொல்வதெல்லாம் உங்களைப்போல் வெளியிலிருந்து பார்த்துச் சொல்வதுதான்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்காக நிற்கும் இடங்களை ஒரு தடவை சொல்லிவிடலாம். குவார்ட்டர்பேக், சென்டரின் (முன்வரிசை நடுவில் நின்று பந்தைப் பின்னால் தருபவர்) முதுகுக்குப் பின்னால் ஒட்டி நின்று பந்தைக் கையில் வாங்கினால் அது அண்டர் சென்டர். அப்போது ரன்னிங் பேக் அவருக்கு நேர் பின்னால், பந்து இருக்கும் கோட்டிலிருந்து சுமார் 7 யார்டு தள்ளி நிற்பார். இரண்டு பேருக்கும் நடுவே வழி திறந்துவிட ஒரு ஃபுல்பேக்கும் நின்றால் அது ஐ ஃபார்மேஷன், மேலிருந்து பார்த்தால் மூன்று பேரும் ஒரே கோடாகத் தெரிவதால் அந்தப் பெயர். குவார்ட்டர்பேக் சுமார் 5 யார்டு பின்னால் போய் நின்று பந்தை எறிந்து தரச்சொன்னால் அது ஷாட்கன். அங்கே ரன்னிங் பேக் பெரும்பாலும் அவருடைய இடப்பக்கமோ வலப்பக்கமோ தோளோடு தோளாக நிற்பார். இரண்டுக்கும் நடுவில் பிறந்த குழந்தை பிஸ்டல்: குவார்ட்டர்பேக் 4 யார்டில், ரன்னிங் பேக் அவருக்கு நேர் பின்னால் இன்னும் 3 யார்டு தள்ளி. நெவாடா பல்கலைக்கழகத்தில் கிறிஸ் ஆல்ட் 2005 வாக்கில் இதைப் பெரிதாகக் கொண்டுவந்தார். 2009இல் அந்த அணியில் மூன்று பேர், குவார்ட்டர்பேக் காலின் கேப்பர்னிக்கையும் சேர்த்து, ஒரே சீசனில் ஆளுக்கு 1000 யார்டுக்கு மேல் ஓடினார்கள்.

சரி, சந்தேகமே இல்லாமல் சொல்லக்கூடியது எது? முதலாவது ஓடுதளம். வேகப்பந்து வீச்சாளருக்கு ரன் அப் எப்படியோ அப்படி. 7 யார்டில் நிற்பவர் பந்து கைக்கு வரும் முன்பே இரண்டு இரண்டரை யார்டு ஓடியிருப்பார், ஹேண்ட்ஆஃப் (பந்து கைமாறுவது) நடக்கும்போது உடம்பு வேகம் பிடித்துவிட்டிருக்கும், தோள் இரண்டும் எதிர்க்கோல் பக்கம் நேராக இருக்கும். ஷாட்கனில் பக்கத்தில் நிற்பவர் கிட்டத்தட்ட நின்ற இடத்திலிருந்தே பந்தை வாங்குகிறார், அதுவும் குறுக்காக நகர்ந்துகொண்டே வாங்கி, அப்புறம்தான் முன்பக்கம் திரும்ப வேண்டும். நூறு கிலோ மனிதர் ஒருவர் குறுக்கே போய்க்கொண்டிருக்கும்போது திரும்பி முழு வேகம் எடுக்க ஓரிரு எட்டு கூடுதலாக ஆகும். லைன்மேன்கள் (முன்வரிசையில் நின்று எதிராளிகளைத் தள்ளுபவர்கள், அந்த வரிசைதான் லைன்) திறக்கும் சந்து ஒரு நொடி கூடத் திறந்திருக்காத இந்த விளையாட்டில் அந்த ஓரிரு எட்டு பெரிய விஷயம்.

இதற்காகவே எங்கள் பயிற்சி மைதானத்தில் புல் மேல் வெள்ளை பெயிண்ட்டில் 7 யார்டு கோடு ஒன்று போட்டிருக்கிறோம். கால் விரல் அந்தக் கோட்டைத் தொட வேண்டும். பையன்கள் என்ன செய்வார்கள் என்றால், ஆர்வக்கோளாறில் ஒவ்வொரு பிளேக்கும் அரை அடி அரை அடியாக முன்னால் வந்து, ஆறு யார்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அப்புறம் சந்து திறக்கும் முன்பே போய்ச் சேர்ந்து, தன் அணி கார்டின் (சென்டருக்குப் பக்கத்து லைன்மேன்) முதுகிலேயே முட்டிக்கொண்டு விழுவார்கள். பார்க்கிறவர்களுக்கு லைன் மோசம் என்று தோன்றும். உண்மையில் பையன் சீக்கிரம் வந்துவிட்டான், அவ்வளவுதான். எட்டு யார்டுக்குப் பின்னால் போனால் எதிர்ப்பிரச்சினை: எல்லாம் நன்றாகத் தெரியும், ஆனால் பின்பக்கத்திலிருந்து துரத்துகிறவனுக்கும் நேரம் கிடைத்துவிடும்.

ஓடுதளத்தோடு பார்வையும் வருகிறது. பின்னால் ஆழமாக நிற்பவருக்கு முன்னால் நடப்பது மாடியிலிருந்து தெருவைப் பார்க்கிற மாதிரி. டிஃபென்ஸில் (தடுத்து ஆடும் எதிரணி) எந்த லைன்பேக்கர் (அவர்கள் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்) எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்த்து ஒரே வெட்டில் திரும்பலாம். வைட் ஸோன் என்கிற பிளே இதை நம்பியே இருக்கிறது. லைன் முழுக்க ஒரே பக்கமாக நகர, ரன்னிங் பேக் ஓரத்தை நோக்கி ஓடுவது போல இழுத்துக்கொண்டு போய், டிஃபென்ஸ் நீண்டு கிழியும் இடத்தில் ஒரு வெட்டு. டென்வரில் டெரெல் டேவிஸ் 1998இல் 2008 யார்டு ஓடியது பெரும்பாலும் இந்த மாதிரி பிளேக்களில்தான். இதே பிளேயை ஷாட்கனில் ஓடலாம், ஓடுகிறார்கள். ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்து குவார்ட்டர்பேக்கின் முன்னால் கடந்து அந்த ஓரத்துக்குப் போய்ச் சேர தூரம் கூடுகிறது, அதனால் பல அணிகள் ஓரம் வரை போகாமல் கொஞ்சம் உள்ளேயே இலக்கு வைத்துக்கொள்கின்றன.

இரண்டாவது உறுதியான விஷயம் ரகசியம். நேர் பின்னால் நிற்பவர் இடப்பக்கமும் போகலாம் வலப்பக்கமும் போகலாம், டிஃபென்ஸுக்கு ஐம்பதுக்கு ஐம்பது. பக்கத்தில் நிற்பவர் பெரும்பாலும் எதிர்ப்பக்கம்தான் போவார், ஏனென்றால் குவார்ட்டர்பேக்கின் வயிற்றுக்கு முன்னால் கடந்து போகும்போது பந்தை வைப்பதுதான் சுலபம். இது லைன்பேக்கர்களுக்குத் தெரியும். அதை ஏமாற்ற, நின்ற பக்கத்திலேயே திரும்பி ஓடும் பிளேக்களும் உண்டு, கவுன்ட்டர் மாதிரி. ஆனால் அதற்கு நிற்கும் ஆழத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும், அங்கேதான் வினை.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான்கைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு மேட்ச். முதல் கால் பகுதி முழுக்க எங்கள் கவுன்ட்டர் பிளே நன்றாகப் போனது. இரண்டாம் பாதியில் எதிரணியின் நடு லைன்பேக்கர், ஸ்னாப்புக்கு (சென்டர் பந்தைத் தருவதற்கு) முன்னாலேயே தன் பக்கத்து ஆட்களைப் பார்த்துக் கையைக் காட்டி ஏதோ கத்துகிறான், பிளே அந்தப் பக்கமே போகிறது, அங்கே மூன்று பேர் காத்திருக்கிறார்கள். எங்கள் சிக்னலைத் திருடிவிட்டார்கள் என்று எங்கள் பக்கம் ஒரே கோபம். சனிக்கிழமை காலை காபியோடு உட்கார்ந்து வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். சாதாரண பிளே என்றால் எங்கள் பையனின் குதிகால் குவார்ட்டர்பேக்கின் குதிகாலோடு ஒரே கோட்டில். கவுன்ட்டர் என்றால் முக்கால் அடி பின்னால், ஒவ்வொரு தடவையும், தவறாமல். அவன் நல்ல பையன், சொன்னதைச் சொன்னபடி செய்பவன், அதுதான் பிரச்சினை. அடுத்த வாரத்திலிருந்து எல்லாப் பிளேக்கும் அந்த முக்கால் அடி பின்னாலேயே நிற்கச் சொல்லிவிட்டோம். ஒரு பள்ளி லைன்பேக்கரே இதைக் கண்டுபிடிக்கிறான் என்றால், வாரம் முழுக்க வீடியோ பார்ப்பதற்கே சம்பளம் வாங்குகிறவர்கள் கண்டுபிடிக்க மாட்டார்களா?

இவ்வளவு தூரம் படித்தால் பின்னால் நிற்பதுதான் மேல் என்று தோன்றும். ஆனால் ஷாட்கன் திருப்பிக் கொடுக்கும் ஒன்று இருக்கிறது, அது சின்ன விஷயமில்லை: ஆள் கணக்கு. அண்டர் சென்டரில் குவார்ட்டர்பேக் பந்தைக் கொடுத்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார், அவரை யாரும் கண்டுகொள்ள வேண்டியதில்லை. ஓடுபவரைக் கழித்தால் பதினோரு பேருக்கு எதிராக ஒன்பது பேர்தான் பிளாக் செய்ய, அதாவது எதிராளியைத் தள்ளி மறிக்க. ஷாட்கனில் குவார்ட்டர்பேக் எதிரணியைப் பார்த்தபடி நிற்கிறார், ஓரத்தில் நிற்கும் டிஃபென்ஸ் ஆளை வேண்டுமென்றே பிளாக் செய்யாமல் விட்டுவிட்டு, அவன் ரன்னிங் பேக்கை நோக்கி ஓடினால் பந்தைத் தானே வைத்துக்கொண்டு ஓடலாம், அவன் தயங்கி நின்றால் பந்தைக் கொடுத்துவிடலாம். ஒருவனைத் தொடாமலேயே முடக்கியாகிவிட்டது, அவனைப் பிளாக் செய்திருக்க வேண்டிய ஆள் இப்போது வேறொருவன் மேல் போய் விழலாம். அதுவும் குவார்ட்டர்பேக் நிஜமாகவே ஓடக்கூடியவர் என்றால் இந்தப் பயம் இரண்டு மடங்கு. பால்டிமோரில் குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன் பக்கத்தில், 2024இல், முப்பது வயதில், டெரிக் ஹென்றி 325 ஓட்டத்தில் 1921 யார்டு ஓடினார். ஓட்டத்துக்கு 5.9 யார்டு. 2020இல் டென்னஸியில் 2027 யார்டு ஓடியபோதுகூட அவருடைய சராசரி 5.4தான். பெரிய உடம்பு, வேகம் பிடிக்க நேரம் எடுப்பவர், இவருக்கு ஷாட்கன் ஒத்துவராது என்று அவர் பால்டிமோர் போனபோது சொன்னவர்களில் நானும் உண்டு. அங்கே பிஸ்டல், ஷாட்கன், அண்டர் சென்டர் என்று கலந்து கட்டினார்கள், ஓரத்து ஆட்கள் எல்லோரும் லமாரைப் பார்த்துக்கொண்டு அரை நொடி நின்றார்கள், அந்த அரை நொடி ஹென்றிக்குப் போதும்.

அப்புறம் பாக்ஸ். லைனுக்கு எதிரே நெருக்கமாக நிற்கும் டிஃபென்ஸ் ஆட்களின் எண்ணிக்கையைத்தான் இப்படிச் சொல்வார்கள். ஷாட்கன் அணிகள் பெரும்பாலும் மூன்று ரிசீவர்களை (எறியும் பந்தைப் பிடிப்பவர்களை) விரித்து நிறுத்துவதால் எதிரணியும் ஆட்களைப் பரப்ப வேண்டும், பாக்ஸில் ஆறு பேர்தான் மிஞ்சுவார்கள். ஃபுல்பேக்கும் டைட் எண்டும் (லைன் ஓரத்தில் நின்று பிளாக்கும் செய்து பந்தும் பிடிப்பவர்) வைத்து ஐ ஃபார்மேஷனில் நின்றால் எட்டுப் பேர் வந்து குவிவார்கள். ஆறு பேருக்கு எதிராக ஓடுவதும் எட்டுப் பேருக்கு எதிராக ஓடுவதும் ஒன்றல்ல. இதில் ரன்னிங் பேக் பின்னால் நின்றாரா பக்கத்தில் நின்றாரா என்பது இரண்டாம்பட்சம்.

நீங்கள் பார்த்த சராசரிக் கணக்குக்கு இப்போது வரலாம். ஷாட்கன் ஓட்டங்களின் சராசரி கூட இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த எண் நம்மை ஏமாற்றும், எப்படி என்று ஒரு கற்பனைக் கணக்கில் காட்டுகிறேன். மூன்றாவது டவுன் (10 யார்டு முன்னேற ஓர் அணிக்கு நான்கு வாய்ப்பு, ஒவ்வொன்றும் ஒரு டவுன்), தேவை 1 யார்டு, அண்டர் சென்டரில் நான்கு தடவை ஓடி 1, 2, 1, 2 யார்டு கிடைக்கிறது. சராசரி 1.5, நான்குமே வெற்றி. மூன்றாவது டவுன், தேவை 12 யார்டு, எறிவார் என்று எதிரணி பின்வாங்கி நிற்கும்போது ஷாட்கனில் நான்கு தடவை கொடுத்து 7, 6, 8, 5 கிடைக்கிறது. சராசரி 6.5, நான்குமே தோல்வி, அடுத்து பந்தை உதைத்துக் கொடுத்துவிட்டு வெளியே வர வேண்டியதுதான். நிஜ சீசன் கணக்கிலும் இந்தக் கலப்படம் இருக்கிறது. கோல்கோட்டுக்குப் பக்கத்தில், ஒரு யார்டு தேவைப்படும் நேரத்தில், கனமான அணியோடு அண்டர் சென்டர். தூரம் அதிகம் இருக்கும்போது ஷாட்கன். போதாக்குறைக்கு ஷாட்கன் கணக்கில் குவார்ட்டர்பேக் தானே ஓடிய யார்டும் பல இடங்களில் சேர்ந்துவிடும். அதனால்தான் சராசரியை விட்டுவிட்டு வெற்றி விகிதம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்: முதல் டவுனில் தேவையானதில் 40 சதவீதம், இரண்டாவதில் 60, மூன்றாவதிலும் நான்காவதிலும் முழுவதும் கிடைத்தால் அந்த ஓட்டம் வெற்றி. முதல் டவுன், 10 யார்டு தேவை, பாக்ஸில் ஒரே எண்ணிக்கை ஆட்கள் என்று ஒப்பிட்டால், ஷாட்கனின் பெரிய சாதகம் நிறையச் சுருங்கிவிடும். எங்கள் பள்ளி அணிக் கணக்கில் அப்படித்தான் பார்த்தேன். ஆனால் அது வருடத்துக்குப் பத்துப் பதினோரு மேட்ச், அதை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது.

இனி எங்கள் ஊர்க் கதை. இந்தக் கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது, அதே நேரம் இதைவிட ஏமாற்றும் உதாரணமும் தெரியாது. 2013இல் பிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கு சிப் கெல்லி பயிற்சியாளராக வந்தார், கல்லூரி ஷாட்கன் பாணியை அப்படியே கொண்டுவந்தார். பக்கத்தில் நின்று ஓடிய லெஷான் மெக்காய் அந்த வருடம் 1607 யார்டு, ஓட்டத்துக்கு 5.1, லீகிலேயே முதலிடம். 2014இல் அதே மெக்காய் 4.2க்கு இறங்கினார். அந்த வருடம் டல்லஸில் டிமார்கோ மர்ரே, பெரும்பாலும் ஆழத்தில் நின்று முன்னோக்கி ஓடி, 392 ஓட்டத்தில் 1845 யார்டு, ஓட்டத்துக்கு 4.7, லீக் முதலிடம். 2015 தொடக்கத்தில் கெல்லி மெக்காயை பஃபலோவுக்குக் கொடுத்துவிட்டு மர்ரேயைப் பெரிய சம்பளத்தில் கூட்டிவந்தார். முதல் இரண்டு மேட்சில் மர்ரே 21 தடவை ஓடி எடுத்தது 11 யார்டு. பதினொன்றுதான், எழுத்துப்பிழை இல்லை. அதில் இரண்டாவது மேட்ச் அவருடைய பழைய டல்லஸ் அணிக்கு எதிராக, எங்கள் ஊர் மைதானத்திலேயே, 13 ஓட்டம், 2 யார்டு. சீசன் முடிவில் 702 யார்டு, சராசரி 3.6. அடுத்த வருடம் டென்னஸிக்குப் போனார், அங்கே பழையபடி ஆழத்தில் நின்று கனமான லைனுக்குப் பின்னால் 1287 யார்டு, 4.4.

ஆழம், பக்கம், ஆழம். 4.7, 3.6, 4.4. பார்த்தீர்களா, இடம்தான் காரணம் என்று கதை தானாகவே எழுதிக்கொள்கிறது. அந்த வருடம் எங்கள் ஊர் டீக்கடை... மன்னிக்கவும், காபிக்கடைகளில் எல்லாரும் பேசியது இதைத்தான். மர்ரே நிமிர்ந்து ஓடுபவர், நேராக வேகம் பிடித்து ஒரு வெட்டு வெட்டி முட்டிக்கொண்டு போகிறவர், அவரை ஷாட்கனில் பக்கவாட்டில் நகரவிட்டது தப்பு என்று. அதில் உண்மை இருக்கிறது என்றுதான் நானும் நினைக்கிறேன். முழு உண்மை இல்லை. அதே 2015, அதே அணி, அதே லைன், அதே ஷாட்கன், ரயன் மேத்யூஸ் 106 ஓட்டத்தில் 539 யார்டு எடுத்தார், சராசரி 5.1. இடம் ஒன்றே காரணம் என்றால் மேத்யூஸை எங்கே கொண்டுபோய் வைப்பது? மேத்யூஸ் நின்ற இடத்திலிருந்து சட்டென்று கிளம்புபவர், ஓட்டமும் குறைவு, உடம்பும் களைப்பில்லாமல் இருந்தது. மர்ரேயோ முந்தைய வருடம் 392 தடவை அடிவாங்கியவர், பிளேஆஃப் தனி. டல்லஸில் அவருக்கு முன்னால் இருந்தது டைரன் ஸ்மித், டிராவிஸ் ஃபிரெடரிக், ஜாக் மார்ட்டின் என்று லீகிலேயே சிறந்த லைன். பிலடெல்ஃபியாவில் 2013இல் மெக்காய்க்கு முன்னால் நின்ற லைனிலிருந்து இரண்டு கார்டுகளையும் 2015 சீசனுக்கு முன்னால் அனுப்பிவிட்டார்கள். குவார்ட்டர்பேக் சாம் பிராட்ஃபோர்ட் இரண்டு தடவை முழங்கால் அறுவை முடித்து வந்தவர், அவர் பந்தை வைத்துக்கொண்டு ஓடுவார் என்று எந்த டிஃபென்ஸும் பயப்படவில்லை. ஷாட்கனின் விலையை முழுதாகக் கொடுத்துவிட்டு, அதற்குக் கிடைக்க வேண்டிய ஆள் கணக்கு லாபத்தை வாங்காமல் வந்த மாதிரி.

ஆனால் இந்தக் கடைசி வாதத்தை நானே கொஞ்சம் குத்திப் பார்க்க வேண்டும். 2013இல் பாதிக்கு மேற்பட்ட மேட்ச்களைத் தொடங்கியது நிக் ஃபோல்ஸ், அவரும் ஒன்றும் மான் இல்லை. அப்போது மட்டும் எப்படி ஓடியது? பிளேக்களுக்கு நடுவே மூச்சுவிட நேரம் தராமல் ஆடும் கெல்லியின் வேகம் அப்போது லீகுக்குப் புதிது, இரண்டு வருடத்தில் எல்லோரும் படித்துவிட்டார்கள் என்பது ஒரு பதில். ரன்னிங் பேக் நிற்கும் பக்கத்தை வைத்தே பிளே எது என்று எதிரணிகள் சொல்லிவிட்டன என்ற பேச்சும் அன்று பலமாக இருந்தது. எங்கள் பையனின் குதிகாலைப் பார்த்த பிறகு அதை நம்ப எனக்குக் கஷ்டமில்லை. ஆனாலும் இதில் எதற்கு எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஒரு மனிதர், மூன்று அணி, மூன்று வருடம், ஒவ்வொரு தடவையும் எல்லாமே மாறியிருக்கிறது.

இன்னொரு திருப்பம் பாருங்கள். அதே பிலடெல்ஃபியாவுக்கு 2024இல் சேக்வான் பார்க்லி வந்தார். முந்தைய வருடம் நியூயார்க் ஜயன்ட்ஸில் ஓட்டத்துக்கு 3.9. இங்கே பெரும்பாலும் ஷாட்கனில், பக்கத்தில் நின்று, 345 ஓட்டத்தில் 2005 யார்டு, 5.8. மர்ரேயைப் பார்த்து ஷாட்கன் மோசம் என்று சொன்ன அதே ஊர் பார்க்லியைப் பார்த்துக் கைதட்டியது. என்ன வித்தியாசம்? முன்னால் ஜோர்டன் மைலாட்டா, லேன் ஜான்சன் இருக்கும் லைன், பக்கத்தில் பந்தை வைத்துக்கொண்டு ஓடக்கூடிய ஜேலன் ஹர்ட்ஸ், வெளியே ஆட்களை இழுத்துக்கொண்டு போகும் ரிசீவர்கள், அப்புறம் நின்ற இடத்திலிருந்து இரண்டே எட்டில் முழு வேகம் பிடிக்கும் கால். இந்த நான்கில் கடைசி ஒன்று மட்டும்தான் நிற்கும் இடத்தோடு நேரடிச் சம்பந்தம் உள்ளது.

ரன்னிங் பேக்கின் உடம்புவாகுக்கும் இடத்துக்கும் பொருத்தம் என்று ஒன்று உண்டு என்பதில் எனக்குச் சந்தேகம் குறைவு. ஏட்ரியன் பீட்டர்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 2012இல் ஃபுல்பேக் ஜெரோம் ஃபெல்ட்டனுக்குப் பின்னால் ஆழத்தில் நின்று 2097 யார்டு, எரிக் டிக்கர்சனின் 1984ஆம் வருட சாதனைக்கு 8 யார்டு குறைவு. ஷாட்கனில் நிற்பது அவருக்குப் பிடிக்காது என்பது ஊரறிந்த விஷயம். 2015இல் மினசோட்டாவில் இழுபறியே அதுதான்: குவார்ட்டர்பேக் டெடி பிரிட்ஜ்வாட்டருக்கு ஷாட்கன் சௌகரியம், பீட்டர்சனுக்கு அண்டர் சென்டர். அந்த வருடமும் பீட்டர்சன் 1485 யார்டோடு லீக் முதலிடம் வந்தார், ஆனால் ரன்னிங் பேக்குக்குச் சாதகமான இடம் அணிக்கே சாதகமான இடமாக இருக்க வேண்டியதில்லை என்பதையும் அந்த அணியில் பார்த்தோம். எதிர்ப்பக்கம் லெவியோன் பெல். பிட்ஸ்பர்க்கில் ஷாட்கனில் பந்தை வாங்கிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி லைனுக்குப் பின்னால் நின்று, சந்து திறந்ததும் நுழைவார். 2016இல் 12 மேட்சில் 1268 யார்டு. அவருக்கு ஓடுதளமே தேவைப்படவில்லை.

எண்களில் இன்னும் ஆழமாகப் போக விரும்பினால் ஒன்று சொல்கிறேன். வீரர்களின் தோள் கவசத்தில் சிப் வைத்து ஒவ்வொருவரும் எங்கே எந்த வேகத்தில் போகிறார் என்று லீக் பதிவு செய்கிறது. 2019இல் அந்தத் தரவைப் பொதுவில் கொடுத்து, ஹேண்ட்ஆஃப் நடக்கும் நொடியில் படம் எடுத்த மாதிரி வைத்துக்கொண்டு, இந்த ஓட்டத்தில் எத்தனை யார்டு கிடைக்கும் என்று கணிக்கச் சொல்லி ஒரு போட்டி நடத்தினார்கள். ஷாட்கன், ஐ ஃபார்மேஷன் என்று ஃபார்மேஷன் பெயரும் தரவில் இருந்தது. ஜெயித்தது ஆஸ்திரியாவிலிருந்து கலந்துகொண்ட இருவர், ஃபுட்பால் பின்னணியே இல்லாதவர்கள். அவர்களுடைய மாடலுக்கு முக்கியத் தீனி, டிஃபென்ஸ் ஆட்கள் ஓடுபவரிடமிருந்து எவ்வளவு தூரத்தில் எந்தத் திசையில் என்ன வேகத்தில் இருக்கிறார்கள், பிளாக் செய்பவர்கள் அவர்களுக்கு எங்கே இருக்கிறார்கள் என்பதுதான். ஃபார்மேஷன் பெயர் அதற்குப் பெரிதாகத் தேவைப்படவில்லை. இதை வைத்து நிற்கும் இடம் முக்கியமில்லை என்று சொல்லிவிடாதீர்கள். ஹேண்ட்ஆஃப் நடக்கும் நொடியில் இடம் தன் வேலையை ஏற்கெனவே முடித்துவிட்டது. லைன்பேக்கர் அரை அடி தப்பான பக்கம் சாய்ந்திருந்தால் அது அவருடைய தூரத்தில், வேகத்தில் தெரிந்துவிடும், ஏன் சாய்ந்தார் என்பது மாடலுக்குத் தேவையில்லை.

பிஸ்டலைப் பற்றி யாராவது கேட்கும் முன் ஒரு வார்த்தை. இரண்டின் நல்லதும் அதில் இருக்கிறது: ஆழம், ஓடுதளம், திசை ரகசியம், குவார்ட்டர்பேக் எதிரணியைப் பார்த்து நிற்பது. அப்படியென்றால் ஏன் எல்லோரும் எப்போதும் அதிலேயே நிற்பதில்லை? பந்து எறியும் பிளேக்களில் ரன்னிங் பேக் குவார்ட்டர்பேக்கைச் சுற்றிக்கொண்டு வந்து பிளாக் செய்ய வேண்டும், ஓரத்துக்கு ஓடிப் பாஸ் வாங்கவும் நேரமாகும். ஷாட்கனில் பக்கத்தில் நிற்பதன் மூல காரணமே எறிவதற்கு வசதி. ஓட்டம் அந்த வீட்டில் குடக்கூலிக்கு இருப்பவர் மாதிரி.

கடைசியாக உங்கள் ஃபேன்டஸி விஷயம். ஷாட்கன் அணிக்கு மாறுகிறார் என்பதற்காக மட்டும் ஒருவரை விட்டுவிடாதீர்கள். நான் பார்க்கிற வரிசை: லைன் எப்படி, குவார்ட்டர்பேக் ஓடுவார் என்று எதிரணி பயப்படுமா, அணி எத்தனை ரிசீவர்களை விரித்து நிறுத்துகிறது, அதற்குப் பிறகுதான் இவர் நின்ற இடத்திலிருந்து கிளம்பக்கூடியவரா ஓடிவந்து கிளம்புபவரா என்பது. முதல் மூன்றும் இல்லாமல் கடைசியும் பொருந்தாமல் இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். 2015 ஆகஸ்டில் எங்கள் அலுவலக லீகில், எல்லோரும் சிரிக்கச் சிரிக்க, முதல் சுற்றிலேயே மர்ரேயை எடுத்தவன் நான். அந்த வருடம் கடைசி இடம். மேத்யூஸ் பதினோராவது சுற்று வரை யாரும் எடுக்காமல் கிடந்தார், அவரை எடுத்தது பக்கத்து மேசைக்காரர், இன்றைக்கும் டிசம்பர் வந்தால் ஞாபகப்படுத்துகிறார்.